அப்பாவின் பதக்கமும் குயின் ஸ்ட்ரீட் ஃபிரேம் கடையும்

அப்பாவின் துணிச்சல் பதக்கம் 27 வருடமாக பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்த இரண்டு பேரை மேலே கொண்டுவந்ததற்குக் கிடைத்தது அது. அப்பா உடனே குதித்துவிடவில்லை. காற்றடிக்கும் மெஷினைப் போடச் சொல்லி, இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே நின்றவர்கள் கையில் கொடுத்த பிறகுதான் இறங்கினார். அந்தத் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவின் அளவு கூடினால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றமில்லையே என்று இறங்கி, காப்பாற்றப் போனவரே செத்த கதைகள் நிறைய.

பதக்கத்தை ஃபிரேம் போட முதலில் போனது ஒரு மாலில் இருக்கும் கடை. பளபளவென்று தேய்த்து, சிலிகோன் பசை வைத்து ஒட்டித் தருகிறோம் என்றார்கள். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து தேயும்.

அப்புறம்தான் பினாங்கு ஜார்ஜ்டவுன் குயின் ஸ்ட்ரீட்டில், மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் இந்தச் சின்னக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் சாமி படங்கள் சாய்த்து வைத்திருக்கும். கடைக்கார அண்ணன் கையைத் துடைத்துவிட்டு, பதக்கத்தை ஓரத்தில் பிடித்துத் திருப்பினார். “தங்கச்சி, பின்னாடிதானே அப்பா பேர் இருக்கு. இதை எப்படி மூடுறது?”

அவர் கேட்டது எவ்வளவு சரி! பிரிட்டனில் 1907-இல், துணிச்சலாக உயிர் காத்த சுரங்கத் தொழிலாளிகளுக்காக எட்வர்ட் பதக்கம் என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். 1909-இல் ஆலைத் தொழிலாளிகளுக்கும் கொடுத்தார்கள். சுரங்கப் பதக்கத்தின் முன்பக்கம் ராஜா. பின்பக்கம்தான், அடிபட்ட சக தொழிலாளியைத் தாங்கிப் பிடித்திருப்பவர்.

அட்டையில் வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டுத் தந்திருக்கிறார். ரிப்பனைப் பசை போடாமல் மெல்லிய நூலால் தைத்திருக்கிறார். அமிலமில்லாத அட்டை. பினாங்கு ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க, கண்ணாடி பதக்கத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டிருக்கிறார். 180 ரிங்கிட். ஒரு வாரம் என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆக்கினார், அது ஒன்றுதான் குறை. கார் நிறுத்த இடம் கிடைப்பதும் கஷ்டம், காலையிலேயே போய்விடுங்கள்.

அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், அந்த இரண்டு பேரோடு ஆலை வாசலில் எடுத்த பழைய போட்டோவைக் கொண்டுவந்தார். “இதுக்கும் இடம் இருக்குமா, கேட்டுப் பாரும்மா” என்றார். திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.