ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாக் கேன்சரும் தெரியும் என்றால் நம்பாதீர்கள்

ரங்கூனில் ஒரு தனியார் லேப், ஹார்மோன்களைப் பார்த்தே உடம்பில் எங்கே கேன்சர் இருந்தாலும் சொல்லிவிடுவோம் என்று ஒரு பேக்கேஜ் விற்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களிலும் பலர் போகிறார்கள். எங்கள் அப்பாவுக்கு அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா வயிற்று எரிச்சலுக்கு நெடுநாளாக ஒமிப்ரசோல் சாப்பிடுகிறவர். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று லேபில் ஒருவரும் கேட்கவில்லை. காலையில் மொயிங்கா சாப்பிட்டுவிட்டுப் போனவரை அப்படியே உட்காரவைத்து ரத்தம் எடுத்துவிட்டார்கள். காஸ்ட்ரின் என்ற ஹார்மோன், குரோமோகிரானின் ஏ என்ற புரதம் (ஹார்மோன் சுரக்கும் செல்கள் ரத்தத்தில் விடுவது) இரண்டும் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. "கணையத்தில் கட்டி இருக்கலாம், இன்றைக்கே எங்களிடம் ஸ்கேன் எடுத்தால் தள்ளுபடி" என்றார்கள். ஸ்கேன் செலவுக்காக அம்மா வளையலைக் கழற்றிவிட்டார்.

நல்லவேளை, ஸ்கேனுக்கு முன்னால் ஒரு குடல் டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டதே மாத்திரையைப் பற்றித்தான். அமிலம் சுரக்கச் சொல்லி வயிற்றைத் தூண்டுவது காஸ்ட்ரின். ஒமிப்ரசோல் அமிலத்தை அடக்கிவிடுவதால் உடம்பு இன்னும் அதிகமாகக் காஸ்ட்ரினைச் சுரக்கும். சாப்பிட்டாலும் ஏறும். குரோமோகிரானினையும் இதே மாத்திரை ஏற்றிவிடும். காஸ்ட்ரினைக் கொட்டும் கட்டி உண்மையிலேயே உண்டு. 1955-இல் சோலிஞ்சர், எல்லிசன் என்ற இரு டாக்டர்கள் விவரித்த நோய் அது. ஆனால் மிக அபூர்வம். திரும்பத் திரும்ப அல்சர், வயிற்றுப்போக்கு என்று இருந்தால்தான் அந்தச் சந்தேகமே வரும். டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தி, வெறும் வயிற்றில் மறுபடி பார்த்ததும் அளவு சரியாக இருந்தது. (நீங்களாக நிறுத்தாதீர்கள். நிஜமாகவே அந்தக் கட்டி இருந்தால் அல்சர் முற்றி ரத்தம் கசியலாம்.)

இந்தப் பரிசோதனைகளைக் குறை சொல்லவில்லை. முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் (கரு சரியாக வளராமல் கருப்பையில் நீர்க்குமிழிக் கொத்தாக வளர்வது) பிறகு எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன், ஒருவகைத் தைராய்டு கேன்சருக்குக் கால்சிடோனின் என்ற தைராய்டு ஹார்மோன் என்று, காரணத்தோடு பார்த்தால் உயிரையே காப்பாற்றும்.

எனக்கு இதைவிடக் கோபம் வேறொன்றில். எல்லாம் நார்மல் என்று வந்தவர்களிடம் "கேன்சர் இல்லை" என்றே சொல்லி அனுப்புகிறார்கள். மார்பகம், பெருங்குடல் கேன்சர்களில் பெரும்பாலானவை இந்த ஹார்மோன்களைச் சுரப்பதே இல்லை. மார்பில் கட்டி தட்டுப்படுகிற ஒரு பெண் அந்தத் தாளை நம்பி வீட்டில் இருந்துவிட்டால் என்ன ஆவது?

பணத்தைத் திருப்பிக் கேட்டோம், தரவில்லை. யாராவது உங்களை அந்தப் பேக்கேஜுக்கு அழைத்தால், முதலில் ஒரு டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.