புது கேம் ஷோக்கள்: பைலட்டில் எது தேறும், எது தேறாது

பொங்கல் மூன்று நாளும் மதுரைப் பக்கத்து வீடுகளில் டிவியில் ஓடுவது அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நேரலை. மணிக்கணக்காக ஓடினாலும் யாரும் எழுந்து போவதில்லை. காரணம், விதி அவ்வளவு சுருக்கம். திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். வாலையோ கொம்பையோ பிடித்தால் செல்லாது. மூன்று துள்ளலோ குறித்த தூரமோ தாங்கினால் வீரருக்குப் பரிசு, இல்லாவிட்டால் மாட்டுக்கு. மைக்கில் அறிவிப்பு வருவதற்குள் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். புதிதாக வருகிற எந்த கேம் ஷோவையும் இதே அளவுகோலில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருப்பவர் கூடவே விளையாட முடிகிறதா? முடியவில்லை என்றால், எத்தனை லட்சத்தில் செட் போட்டாலும் ஒரு மாதத்தில் ரிமோட் கை மாறிவிடும்.

இந்த அளவுகோலில் இன்றுவரை முதலிடம் கோடீஸ்வரன் வகைக்குத்தான். பிரிட்டனில் 1998 செப்டம்பரில் தொடங்கிய அந்த ஷோ, 2000-ல் அமிதாப் பச்சனோடு இந்திக்கும், சன் டிவியில் சரத்குமாரோடு தமிழுக்கும் வந்தது. பிறகு விஜய் டிவியில் 2012-ல் சூர்யா, அடுத்தடுத்து பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமான கோடீஸ்வரியை ராதிகா நடத்தினார். ஆங்கர்கள் மாறினார்கள், விளையாட்டு மாறவில்லை. கேள்வியும் நான்கு விடைகளும் எழுத்தாகத் திரையில் நிற்கும். சத்தம் தேவையில்லை, பஸ்ஸர் வேகமும் தேவையில்லை. கேட்கவோ பேசவோ இயலாத ஒருவராலும் அதை முழுதாக விளையாட முடியும் என்பதை 2020 ஜனவரியில் கண்ணால் பார்த்தோம். அன்று கோடீஸ்வரியில் ஒரு கோடி வென்றவர் மதுரை நீதிமன்றத்தில் வேலை பார்த்த, செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு பெண். பஸ்ஸரை யார் முதலில் அமுக்குகிறார்கள் என்பதை வைத்து ஓடும் விளையாட்டிலோ, பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டிலோ அவருக்கு இடமே இருந்திருக்காது. கேம் ஷோவைத் தயாரிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வெற்றி அது.

பிரிட்டனின் அந்த மூல ஷோவும் முதல் முயற்சியிலேயே இந்த உருவத்துக்கு வந்துவிடவில்லை. எழுத்துக் கட்டத்தில் அதன் பெயர் கேஷ் மவுண்டன். பைலட்டுக்கு, அதாவது ஒளிபரப்புக்கு முன் எடுக்கும் சோதனைப் பதிவுக்கு, பீட் வாட்டர்மேன் போட்ட இசையைத் தூக்கிவிட்டு, கீத் ஸ்ட்ராச்சனையும் அவர் மகன் மேத்யூவையும் வைத்துப் புதிதாகப் போட்டார்கள். கேள்விக்குக் கேள்வி பின்னணி இசை அரைச் சுரம் ஏறிக்கொண்டே போவது அப்படி வந்ததுதான். பார்க்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் நெஞ்சு படபடக்கும். அமெரிக்காவின் வீல் ஆஃப் ஃபார்ச்சூனும் அப்படித்தான். 1973-ல் எடுத்த பைலட்டில் சக்கரம் சுவர்க்கடிகாரம் போல நிமிர்ந்து நின்று இயந்திரத்தால் சுற்றியது. போட்டியாளரின் கைக்கு வேலையே இல்லை. சக்கரத்தைப் படுக்க வைத்து ஆட்களையே சுற்றச் சொன்ன பிறகு, 1975 ஜனவரியில் ஒளிபரப்பானது. அது இன்றும் ஓடுகிறது.

பைலட் ஒளிபரப்புக்காக எடுப்பது அல்ல. விளையாட்டு எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்காக எடுப்பது. முறையாகச் செய்கிறவர்கள் மூன்று படியாகப் போவார்கள். முதலில் மேசைமேல் அட்டையும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்து விளையாடிப் பார்ப்பது. அடுத்து, விதி தெரியாத அலுவலக ஆட்களை நிற்க வைத்து ஆடுவது. கடைசியில்தான் கேமரா, விளக்கு, கிராஃபிக்ஸ், பொய்ப் பணம், மாதிரிப் போட்டியாளர்கள். முதல் இரண்டு படியையும் தாண்டிக் குதித்து நேரே செட் போடுகிற இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. முதல் கேள்வியிலேயே ஒருவர் வெளியேறினால் மீதி நேரத்துக்கு என்ன செய்வது? சமநிலை வந்தால்? இரண்டு பஸ்ஸர் ஒன்றாக அமுங்கினால்? (முதல் சிக்னல் வந்ததும் மற்றவற்றைப் பூட்டிவிடும் லாக்அவுட் மின்சுற்று இல்லாத பஸ்ஸர் வெறும் காலிங் பெல்தான்.) இதற்கெல்லாம் பதில் மேசையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நேரக் கணக்கையும் அங்கேயே போட வேண்டும். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. அதன்படி ஒரு மணி நேர ஷோவுக்கு 48 நிமிடம். அறிமுகம், இடைவேளைக்கு முன்னும் பின்னும் பேச்சு, போட்டியாளரின் ஊர், தொழில், குடும்பம் எல்லாம் 12 நிமிடம் என்று வையுங்கள். மீதி 36. ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம் என்றால் 14 கேள்விக்கு மேல் வராது. தமிழ் ஷோக்களில் நடப்பது என்னவென்றால், சீரியல் ஜோடிகளைக் கூப்பிட்டு, ஆட்டம், நகைச்சுவை, அழுகை என்று 30 நிமிடம் போய், கேள்விக்கு 18 நிமிடம்தான் மிஞ்சுகிறது. முதல் வாரம் பார்க்கும்போது ஒரு பேப்பரில் கேள்விகளை எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் பத்துக்குக் குறைந்தால் அது கேம் ஷோ இல்லை, கேம் ஷோ செட்டில் நடக்கும் அரட்டை.

வெளிநாட்டில் சமீபத்தில் வந்தவற்றில் தமிழுக்கு எடுத்தால் நன்றாக வரும் என்று நம்புவது இரண்டு.

ஒன்று, பிரிட்டனில் 2022 ஏப்ரலில் தொடங்கிய தி ஒன் பர்சென்ட் கிளப். நூறு பேர், ஆளுக்கு ஆயிரம் பவுண்டு. முதல் கேள்வி பொதுமக்களில் 90 சதவீதம் பேர் சரியாகச் சொன்னது, கடைசிக் கேள்வி ஒரு சதவீதம் பேர் மட்டும் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் 30 நொடி. தவறினால் வெளியே, அவர் பணம் பொதுப் பானைக்கு. பொது அறிவு கிடையாது. யோசிக்கத் தெரிந்தால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளை அப்பாவை ஜெயிக்கலாம். இதன் உயிர் அந்த சதவீதத்தில்தான் இருக்கிறது. கேள்விகளை முன்கூட்டியே ஒரு மாதிரிக் கூட்டத்திடம் கொடுத்துச் சோதித்திருக்க வேண்டும். தமிழில் செய்தால் சென்னையில் மட்டும் சோதிப்பது போதாது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் சோதிக்க வேண்டும். மெட்ரோ ரயில் வரைபடத்தை வைத்துப் போட்ட புதிர் சென்னையில் 60 சதவீதமாகவும் இங்கே 20 சதவீதமாகவும் இருக்கும். இங்கிலீஷ் எழுத்துப் புதிர்களை அப்படியே கொண்டுவரவும் முடியாது. உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணுவதா, மெய்யையும் உயிரையும் பிரிப்பதா என்று விதியில் இருக்க வேண்டும். விகடகவியைத் திருப்பிப் படித்தால் அதே சொல் வருவது முதல் கணக்கில் மட்டும்தான். பிரித்து எண்ணினால் வராது. இதைப் பைலட்டில் முடிவு செய்யாமல் விட்டால் ஒளிபரப்பான அன்று இரவே தமிழாசிரியர்கள் சேனலைப் பிடித்துக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

இன்னொன்று, நெதர்லாந்தில் 2023-ல் தொடங்கிய தி ஃப்ளோர். தரையே சதுரங்கப் பலகை. கட்டத்துக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஒரு துறை. பக்கத்துக் கட்டக்காரரை அழைத்து மோத வேண்டும். ஆளுக்கு 45 நொடி, செஸ் கடிகாரம் போல. சரியாகச் சொன்னதும் எதிராளியின் நேரம் ஓடும். தெரியவில்லை என்று தாண்டினால் மூன்று நொடி போய்விடும். ஜெயித்தவருக்குத் தோற்றவரின் நிலம். காய்கறி, கோயில் கோபுரம், பழைய நடிகர்கள், பஸ் ஊர்ப் பெயர்கள் என்று படத்தைக் காட்டினால் போதும், பாட்டியும் விளையாடலாம். இங்கே சிக்கல் விடையை ஒப்புக்கொள்வதில் வரும். கத்தரிக்காய் படத்துக்கு மதுரைக்காரர் "கத்திரிக்கா" என்பார், இன்னொருவர் "பிரிஞ்சால்" என்பார். நீதிபதி அரை நொடி தயங்கினால் ஒருவர் தோற்றுவிடுவார். ஒவ்வொரு படத்துக்கும் ஒப்புக்கொள்ளக்கூடிய எல்லா வடிவங்களையும், பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, இங்கிலீஷ் உட்பட, முன்பே எழுதி ஆப்பரேட்டரிடம் கொடுக்க வேண்டும். "நயினா, அது செல்லாது" என்று ஆங்கர் இடத்திலேயே முடிவு செய்கிற ஷோ நம்பிக்கையை இழக்கும்.

பெட்டி திறக்கும் வகை (மூடிய பணப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது, இத்தோடு நிறுத்தினால் இவ்வளவு தருகிறேன் என்று 'வங்கி' பேரம் பேசும் விளையாட்டு) பற்றி நமக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. அதில் அறிவுக்கு வேலை கிடையாது. ஆனால் கணக்குக்கு உண்டு, அதை ஷோ சொல்லித்தருவதில்லை. ஐந்து பெட்டி மீதம், உள்ளே 100 ரூபாய், 5,000, 50,000, 5 லட்சம், 10 லட்சம் என்று வையுங்கள். கூட்டினால் 15,55,100, சராசரி 3,11,020. வங்கி 2 லட்சம் தருகிறேன் என்றால் சராசரியில் ஏறத்தாழ 64 சதவீதம். அடுத்த பெட்டியில் 10 லட்சம் போய்விட்டால் சராசரி 1,38,775-க்கு விழும். இந்த எண் திரையின் ஓரத்தில் இருந்தாலே வீட்டில் சண்டை சூடு பிடிக்கும். ஆரம்பச் சுற்றுகளில் வங்கி வேண்டுமென்றே சராசரிக்கு வெகு கீழே சொல்லும், போகப் போக நெருங்கும். இது தெரிந்தால் முதல் இரண்டு சுற்றில் யாரும் கை குலுக்க மாட்டார்கள்.

பைலட்டுக்கோ முதல் பதிவுகளுக்கோ பார்வையாளராகப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பெரிய செட்டுகள் பல சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பக்கம் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் ஏறினால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலை வழியாகப் போய்விடலாம். ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்குங்கள். அன்று இரவே திரும்ப டிக்கெட் போடாதீர்கள். ஒரு மணி நேர ஷோ எடுக்க நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம், பைலட் என்றால் அதற்கு மேலும் இழுக்கும்.

பொடிக்கோடு, பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம். கேமராவில் அலை அலையாக நெளியும். தும்பைப்பூ வெள்ளைச் சட்டை முகத்தை இருட்டாக்கிவிடும். பச்சைத் திரை இருக்கும் செட்டில் பச்சைச் சேலை கட்டினால் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏசி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். கைதட்டல், சிரிப்பு, ஆச்சரியப்படும் முகம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலோ கடைசியிலோ தனியாக எடுத்துக்கொள்வார்கள். ஃப்ளோர் மேனேஜர் கையை உயர்த்தினால் சும்மாவே தட்ட வேண்டும். அந்தக் கைதட்டலை எடிட்டர் எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒளிபரப்பில் மூன்று கேள்விக்கும் அதே மஞ்சள் சேலை அம்மா அதே மாதிரி வாயைப் பொத்துகிறார் என்றால் காரணம் இதுதான். அதைவிட முக்கியமானது ஆங்கரின் முகம் மட்டும் நெருக்கத்தில் தெரிய, எதிரில் போட்டியாளரின் தோள்கூட வராமல் ஒரு கேள்வி கேட்கப்படுவது. பெரும்பாலும் அது பிறகு திரும்பப் பேசி ஒட்டியது. ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. எல்லாக் கேள்விக்கும் அப்படி என்றால் கேள்வித் தாளைச் சரிபார்க்காமல் செட்டுக்குள் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆடிஷனுக்கு யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போட்டியாளரைத் தேர்வு செய்வதற்கு நேர்மையான எந்த ஷோவும் கட்டணம் வாங்காது. வாட்ஸ்அப்பில் 25 லட்சம் விழுந்திருக்கிறது என்று கேபிசி (இந்தி கோடீஸ்வரன்) பெயரில் வரும் படமும் குரல் பதிவும் பழைய மோசடி.

பரிசு உண்மையாகவே கிடைத்தால் வரியை மறக்காதீர்கள். கேம் ஷோ பரிசுக்கு நேர் 30 சதவீதம் வருமான வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் (வரிமேல் வரி), ஆக 31.2. அடிப்படை விலக்கு, சேமிப்புக் கழிவு எதுவும் இதற்குச் செல்லாது. ஒரு கோடி வென்று வேறு வருமானமே இல்லை என்றால், பெரிய வருமானத்துக்குப் போடும் 10 சதவீத சர்சார்ஜும் சேர்ந்து மொத்த வரி 34,32,000 ரூபாய். பணமாகத் தந்தால் சேனலே பிடித்துக்கொண்டுதான் தரும். காராகவோ நகையாகவோ தந்தால், வரி கட்டப்பட்ட பிறகுதான் பொருளைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 8 லட்ச ரூபாய் காருக்கு வரி 2,49,600. அதை யார் கட்டுவது, சேனலா நீங்களா, என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மேடையேறும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.