பஞ்சவன் மாதேவியைப் பார்க்கப் போன வாடகைக் கார்

முதல் நாள் இரவே கும்பகோணத்து டிராவல்ஸ் ஒன்றுக்குப் போன் செய்து, போக வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தேன். தாராசுரம், பழையாறை, பட்டீஸ்வரத்தை ஒட்டிய பஞ்சவன் மாதேவி பள்ளிப்படை (சோழ அரசி ஒருத்திக்கு எழுப்பிய சமாதிக் கோயில்), கடைசியில் உடையாளூர். "எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதான் மேடம், ஜாலியா பார்த்துடலாம்" என்றார்கள். காலையில் கார் வந்தது. ஓட்டுநர் தம்பியின் கையிலிருந்த சீட்டில் "நவகிரகம் 9" என்று எழுதியிருந்தது.

டிராவல்ஸின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அன்று நடந்ததை விவரமாக எழுதத்தான் போகிறேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, பிள்ளைகளுக்கு நம் ஊர்ச் சரித்திரத்தைக் காட்ட ஆசைப்படும் எல்லாருக்கும் இது நடக்கும்.

நவகிரகம் இல்லை, இந்த நான்கு இடங்கள்தான் என்றேன். தம்பி ஆபீஸுக்கு அடித்துப் போனை என்னிடம் கொடுத்தார். அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "அங்க ஒண்ணுமே இல்ல மேடம், சின்னக் கோயில். குழந்தையோட ஃபேமிலியா வந்திருக்கீங்க, காலங்காத்தால சமாதிக்கெல்லாம் எதுக்குப் போறீங்க? திருநள்ளாறு போயிட்டு வாங்க, மனசுக்கு நிம்மதியா இருக்கும்." என் அப்பா வயதுக்காரர் ஒருவர் அக்கறையாகச் சொல்வதைப் போலவே இருந்தது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்கானது. காசு கொடுத்து வாடகைக்கு எடுத்த காரில் நான் எங்கே போக வேண்டும் என்று அவர் ஏன் தீர்மானிக்கிறார்? பிறகு வழக்கமான கணக்கு ஆரம்பித்தது. 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், ரூட் மாறினால் தனி, வெயிட்டிங் தனி. நான் சொன்ன ரூட் அவர்கள் சொன்னதில் பாதித் தூரம்கூட வராது. அதற்கும் தனியாம்.

பேசி முடித்துக் கார் கிளம்பவே பத்தரை ஆகிவிட்டது. வழியில் கேட்காமலே ஒரு பட்டுச் சேலைக் கடை வாசலில் நின்றது. "சும்மா பாருங்கக்கா, வாங்கணும்னு இல்ல." கமிஷன் அவருக்கு வேண்டியிருக்கும், புரிகிறது. ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கோயில் என்றால் உச்சிகாலம் முடிந்து நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் என்பது நமக்குத் தெரியும். ஊரிலேயே கார் ஓட்டுகிறவருக்குத் தெரியாதா?

தாராசுரத்தில் அரை மணி நேரம்தான் கிடைத்தது. இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பழையாறையைக் காரிலிருந்தபடியே பார்த்துக்கொண்டோம்.

பள்ளிப்படை வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. பூட்டியிருந்தது. "பார்த்தீங்களாக்கா, நான்தான் சொன்னேனே" என்றார் தம்பி. மகன் பசி என்றான். அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாரிஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, கும்பகோணத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் வந்து சேர முடியவில்லையே என்று.

ஏன் இந்தக் கோயில் மேல் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். பஞ்சவன் மாதேவி முதலாம் ராஜராஜனின் தேவியரில் ஒருத்தி, பழுவூரைச் சேர்ந்தவள் என்பார்கள். ராஜராஜனின் மகன் ராஜேந்திரனைப் பெற்றவள் வானவன் மாதேவி. பஞ்சவன் மாதேவி அவனுக்குச் சிற்றன்னை. அந்தச் சிற்றன்னை இறந்ததும், கங்கைவரை படை அனுப்பிய மன்னன் அவளுக்காக எழுப்பிய கற்கோயில்தான் பஞ்சவன் மாதேவீச்சரம். இன்று ராமநாதசுவாமி கோயில் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். பெற்ற தாய்க்குக் கட்டியிருந்தால் கடமை என்று கடந்து போயிருப்பேன். இது அப்படியில்லை. அவன் பிள்ளையாக இருந்தபோது அந்த அம்மாள் அவனை எப்படி வைத்திருந்தாள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டடம் சொல்கிறது.

சோழர்களுக்கு ஐரோப்பிய அரசர்களைப் போல எல்லாரையும் ஓரிடத்தில் வைக்கும் கல்லறைத் தோட்டம் கிடையாது. ஆதித்த சோழனுக்கு அவன் மகன் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படை காளத்திக்குப் பக்கத்தில் தொண்டைமானாட்டில் இருக்கிறது. ஆற்றூரில் இறந்த அரிஞ்சயனுக்குப் பேரன் ராஜராஜன் எழுப்பியது காட்பாடிப் பக்கம் மேல்பாடியில். கங்கை கொண்ட ராஜேந்திரன் 1044-இல் இறந்தது திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரம்மதேசத்தில். அவனோடு உடன்கட்டை ஏறிய வீரமாதேவிக்கு அவளுடைய சகோதரன் தண்ணீர்ப் பந்தல் வைத்ததை அங்கிருக்கும் கல்வெட்டு சொல்கிறது. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் இவற்றில் என் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பது இந்த ஒன்று. அதைத்தான் "அங்க ஒண்ணுமே இல்ல" என்றார் ஆபீஸ்காரர்.

எதிர்த்தாற்போல் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, யாரும்மா? நடை சாத்தியாச்சே. எந்த ஊரு?" ஊரைச் சொன்னேன். அப்பா பெயரையும் கேட்டார், தெரு பெயரையும் கேட்டார். அப்புறம்தான் பாரிஸ். "அம்மாந்தூரத்துலேர்ந்தா? வெயில்ல நிக்காத, இப்படி வந்து உக்காரு. தம்பிக்கு மோரு குடுக்கறேன்." பேரனைக் கூப்பிட்டு, "சைக்கிள எடுத்துட்டுப் போயி குருக்கள் வீட்டுல சொல்லு, வெளியூர்லேர்ந்து வந்திருக்காங்கன்னு" என்று அனுப்பினார்.

நான் யாரையும் போனில் கூப்பிடவில்லை, எங்கேயும் முன்பதிவு செய்யவில்லை, கட்டணம் கேட்கவும் யாரும் இல்லை. காலையிலிருந்து காசு கொடுத்த இடத்தில் கிடைக்காத உதவி இந்தத் திண்ணையில் கிடைத்தது. மோர் உப்புக்கரிப்பாக, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, என் அத்தை கொடுக்கும் அதே மோர். மகன் இரண்டு டம்ளர் குடித்தான்.

குருக்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார் போல, ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார். "கர்ப்பக்கிருகம் இப்போ திறக்க மாட்டேன், சாத்தியாச்சு, தப்பா நினைக்காதேங்கோ. வெளியில நிதானமா சுத்திப் பாருங்கோ. கல்வெட்டு காட்டறேன்." விதியை மீறாமலே, வந்தவர்களைத் திருப்பியும் அனுப்பாத இந்தப் பக்குவத்தை நான் பாரிஸில் எந்தக் கவுன்ட்டரிலும் பார்த்ததில்லை. அங்கே மூடினால் மூடியதுதான்.

செல்போன் விளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்தால் வெறும் கல்லாகத் தெரிந்தது, சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாக எழுந்து வந்தது. ராஜேந்திரனின் 7-ஆம் ஆட்சியாண்டுச் சாசனம், பள்ளிப்படை என்ற சொல்லே அதில் இருக்கிறது. பொறுப்பிலிருந்த லகுலீச பண்டிதரின் பெயரையும் விரல் வைத்து வாசித்தார். நான் பின்னாலேயே எழுத்துக்கூட்டிக்கொண்டு போனேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டிய க, ப, ட எல்லாம் கொஞ்சம் பழகினால் பிடிபடுகிறது.

வெளியில் நின்ற ஓட்டுநர் தம்பியும் மெல்ல உள்ளே வந்தார். குருக்கள் அவரிடம் எந்த ஊர் என்று கேட்டார். பம்பைப்படையூர். "அப்போ நீ படைவீட்டுக்காரன்டா" என்று அவர் ஆரம்பித்தார். பழையாறையில் அரண்மனை, அதைச் சுற்றி ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று நான்கு படைவீடுகள், அதாவது படைகள் தங்கிய ஊர்கள். தம்பிக்கு இதெல்லாம் புதிது. அதன் பிறகு அவர் மணி பார்க்கவேயில்லை.

மகன் மட்டும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டான். "அவங்க முகம் எங்கேம்மா?" அவன் பள்ளியிலிருந்து பாரிஸை ஒட்டிய சேன் தெனி பேராலயத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். 13-ஆம் மெட்ரோவில் போனால் வாசலுக்கே போய்விடலாம். பிரான்சின் அரசர்கள் 40-க்கும் மேற்பட்டோர், அரசிகள் என்று எல்லாருக்கும் அதுதான் அடக்க இடம். கற்பாளத்தில் கைகூப்பிப் படுத்திருக்கும் உருவங்களே 70-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் முகம், மகுடம், காலடியில் நாயோ சிங்கமோ. பக்கத்தில் பெயரும் ஆண்டும். இத்தனைக்கும் 1793-இல் புரட்சிக்காரர்கள் அந்தக் குழிகளையெல்லாம் தோண்டி எலும்புகளை அள்ளி வெளியே குழியில் கொட்டினார்கள். 1817-இல்தான் அவற்றை மீட்டுக் கொண்டுவந்து நிலவறையில் மொத்தமாக வைத்தார்கள். எது யாருடைய எலும்பு என்று தெரியாத நிலையிலும், கல்லறைகளை ஒழுங்குபடுத்தி, டிக்கெட் போட்டு, காதில் மாட்டிக் கேட்கும் விளக்கமும் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த ஒழுங்கு மேல் பொறாமை உண்டு. மறைக்க மாட்டேன்.

மகனின் கேள்விக்குக் குருக்களே பதில் சொன்னார். "இங்கே முகம் கிடையாது கண்ணு. லிங்கமாயிட்டா. அவளுக்குன்னு தனியா கும்பிட வேண்டாம், ஈசுவரனைக் கும்பிட்டா அவளுக்கும் போகும்." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் இன்னும் தினமும் யாரோ அவளுக்குப் பூப்போடுகிறார்கள், இல்லையா என்று பிரெஞ்சில் என்னிடம் கேட்டான். சேன் தெனியில் அப்படித் தினமும் யாரும் போடுவதில்லை. ஆமாம் என்றேன்.

ஆனாலும் எனக்கு ஆற்றாமை போகவில்லை. பட்டீஸ்வரம் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கேற்ற ராகு காலத்தில் எவ்வளவு கூட்டம்! அதில் பத்துப் பேர் இந்தப் பக்கம் நடந்து வந்தாலே போதும். வழியில் பள்ளிப்படை என்று எழுதிய பலகை என் கண்ணில் படவில்லை. ஒரு பலகை, நாலு வரி விளக்கம், எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற தகவல். வேறென்ன கேட்கிறோம்?

உடையாளூரில் அதிக நேரம் இல்லை. ராஜராஜனின் சமாதி என்று ஊர் நம்பும் இடத்தில் ஒரு லிங்கம். ஊர்ப் பால்குளத்து அம்மன் கோயிலில் கிடைத்த, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு சிவபாதசேகரன் (ராஜராஜனின் பட்டப்பெயர்) பெயரிலான திருமாளிகையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அது சமாதியா, வேறு கட்டடமா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்தில்லை. மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

இரவு டிராவல்ஸிலிருந்து கணக்கு வந்தது. "வெயிட்டிங்" என்று 500 ரூபாய் கூடுதல். பட்டுக்கடை வாசலில் நின்ற நேரமும் அதில் சேர்த்தி. அதையும் ரொக்கமாக வாங்க மாட்டார்களாம், ஸ்கேன் பண்ணத்தான் வேண்டுமாம். எனக்கு இங்கே வங்கிக் கணக்கும் இல்லை, ஓடிபி வர இந்திய எண்ணும் இல்லை. 2024-லிருந்து ஈபிள் கோபுரத்து டிக்கெட்டை இந்திய யுபிஐயில் வாங்கலாம், கும்பகோணத்தில் நான் ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் ஓட்டுநர் தம்பிதான் தன் போனிலிருந்து அனுப்பிவிட்டு என்னிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டார். பட்டுக்கடை நேரத்தைக் கழிக்கச் சொல்லி டிராவல்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

இனி போகிறவர்களுக்கு: டிராவல்ஸ் வேண்டாம், கும்பகோணத்தில் ஒரு ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். பள்ளிப்படையை முதலில் வைத்து, காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், தாராசுரத்தைப் பிறகு பார்க்கலாம். சுவரில் பிடிக்க நல்ல டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். தட்டில் போடச் சில்லறை நோட்டு வேண்டும். பூட்டியிருந்தால் திரும்பாதீர்கள், எதிர் வீட்டில் கேளுங்கள்.