150–600 லென்ஸ்: கொழும்பு போய் வந்த பிறகு

"விலை இறங்கியிருக்கு மச்சான், வாங்கட்டா?" என்று கிண்ணியாக் கூட்டாளி 150–600 மி.மீ. சூம் லென்ஸைப் பற்றிக் கேட்டது, நான் குருவி படமெடுக்க வைத்திருக்கும் அதே லென்ஸ் கொழும்பில் திருத்தப்பட்டு வீடு வந்த அதே நாளில். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டான்.

மூன்று வருடமாக ஒரே எரிச்சல். கழுத்தில் மாட்டி மோட்டார்சைக்கிளில் நிலாவெளி உப்பளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், லென்ஸின் குழல் கிணற்றில் விட்ட வாளிபோலத் தானாக இறங்கி முழு நீளத்துக்கு வந்துவிடும். பூட்டு இருக்கிறது, குழல் சுருங்கி நிற்கும் 150இல் மட்டும். அதைத் திறந்து 600க்குத் திருப்பி முடிக்கும்போது மீன்கொத்தி இருந்த கம்பு ஆடிக்கொண்டிருக்கும். என்னிடம் உள்ள கம்புப் படங்களை வைத்து ஒரு கண்காட்சியே போடலாம். குழல் நீண்டு சுருங்கும்போதெல்லாம் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். உப்பளக் காற்று வேறு.

சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி சூம் வளையத்தில் மாட்டினேன், சறுக்கல் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே தூசி என்று கொழும்புக்கு அனுப்பினேன். கண்ணாடி பளிச்சென்று வந்தது, உண்மை. ஆனால் கேட்காமலே வளையத்தையும் இறுக்கிவிட்டார்கள். இப்போது சூம் பண்ணுவது துருப்பிடித்த பைப்பைத் திறப்பதுபோல.

நியாயமும் சொல்லவேண்டும். முதல் வருடம் படம் மங்கல் என்று லென்ஸைத்தான் திட்டினேன். பிழை வெயிலில். மாசியில் வாடை ஓய்ந்து வானம் வெளுத்தபின், காலை எட்டரை தாண்டினால் உப்பளத் தரை சுட்டு, மேலே காற்று நெளியத் தொடங்கும். நூறு மீற்றர் தள்ளி நிற்கும் நெட்டைக்கால் உள்ளான் மெழுகாய் உருகும். எந்த விலை லென்ஸும் அதை நிமிர்த்தாது. ஆறரைக்கே போய், கிட்டத் தவழ்ந்து, குந்தியிருந்து எடுக்கவேண்டும்.

அப்படி எடுத்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. தையில் மண்நிறமாய் நின்ற உப்புக்கொத்திகள், பங்குனி பிறக்க மார்பில் செம்மண் பூசத் தொடங்கும். வடக்கே திரும்பிப் போக உடுப்பு மாற்றுகின்றன. ஒரே சேற்றில் ஒன்று முழுச் சிவப்பு, ஒன்று அங்கங்கே ஒட்டுப்போட்ட சட்டை. மீசை ஆலாவின் வயிறும் அப்படியே திட்டுத்திட்டாய்க் கறுக்கும். லென்ஸின் துளையைக் கொஞ்சம் சுருக்கி எஃப்8இல் வைத்தால் புது இறகு எது, பழசு எது என்று எண்ணலாம். வெறும் கண்ணுக்கு எல்லாம் 'சின்னக் குருவி'தான்.

கன்னியாப் பக்கம் மாலையில் ஆறுமணிக்குருவி கூப்பிடும் நேரத்துக்கு 600இல் துளையை முழுக்கத் திறந்த எஃப்6.3கூட வெளிச்சத்துக்குப் போதாது, அதை விடுங்கள். திருகோணமலைக் கோட்டை மான்களுக்கும் உதவாது. அவை லென்ஸையே நக்க வரும்.

"வாங்காதே" என்று எழுதினேன். "அப்ப உன்னுடையதை எனக்குத் தா" என்கிறான். 600இலேயே விட்டுவைத்திருக்கிறேன், பைக்குள்ளும் அடங்குதில்லை. பங்குனி முடியட்டும், பிறகு பேசுவோம்.