ராஜாஜி சாலையில் ஒரு சுங்க வரலாற்று நடை

சென்னைப் பாரிமுனையில் தொடங்கி, ராஜாஜி சாலையிலுள்ள சுங்க இல்லத்தைக் கடந்து, மண்ணடி வழியாகத் தம்புச் செட்டி தெருவில் முடிகிறது இந்த ஞாயிற்றுக்கிழமை நடை. கப்பல் சரக்கு வரும் துறைமுகத்தில் வரி வசூலித்த ஆங்கிலேய அரசு, தெற்கே வரியில்லாத் துறைமுகமாக விளங்கிய பிரெஞ்சுப் புதுச்சேரியை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இதன் பொருள்.

சுங்க இல்லத்தின் எதிரே நின்று வழிகாட்டி அளித்த விளக்கம்தான் இந்த நடையின் உயிர். 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம், சென்னை மாகாணத்தின் உள்நாட்டுச் சாயர் வரிகளை, அதாவது உள்நாட்டில் இடம்விட்டு இடம் செல்லும் சரக்கின் மீதான சுங்கத்தை, ஒழித்த அதே கையோடு, கடற்கரையிலிருந்த அயல்நாட்டுக் குடியேற்றங்களிலிருந்து தரைவழியாக வரும் சரக்குக்கும் கடல்வழிச் சரக்கைப் போலவே தீர்வை விதித்தது. புதுவையின் நிலப்பரப்போ ஒரே துண்டாக இல்லாமல், ஆங்கிலேயர் ஊர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஆகவே பாகூர்ப் பக்கத்துக் குடியானவர் தம் சொந்தச் சந்தைக்குப் போவதற்கே அயல் எல்லையை மிதிக்க வேண்டியிருந்தது. எது வாணிபச் சரக்கு, எது வீட்டுக்கான பொருள் என்ற வழக்கு அங்கிருந்தே பிறக்கிறது என்று வரைபடத்தை விரித்துக் காட்டியபோது, அந்த மக்களைக் கடத்தல்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அநியாயம் என்பது எனக்கு உறுதியாயிற்று.

ஆங்கிலேய இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் ஒரே சுங்க எல்லைக்குள் இணைந்த 1941ஆம் ஆண்டுச் சுங்க ஒன்றியமும், 1949இல் அது முறிந்ததும் சுருக்கமாகச் சொல்லப்பட்டன, அது போதும். ஆனால் புதுவையில் அவுரிச் சாயமேற்றப்பட்டு, பிசினுக்குப் பண்டமாற்றாகச் செனகலுக்குச் சென்ற நீலத் துணியைப் பற்றி இரண்டே வாக்கியங்கள் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லைத் தகராறுகளின் பின்னணியில் நெசவாளரும் சாயக்காரரும் நின்றார்கள். அவர்கள் இல்லாமல் இந்தக் கதை அதிகாரிகளின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்த முறை மண்ணடியில் நிற்கும் நேரத்தைக் குறைத்தாவது இதைச் சேர்க்க வேண்டும்.

சாலை இரைச்சலில் பின்வரிசையினருக்குப் பேச்சு சரியாக எட்டவில்லை. கையடக்க ஒலிபெருக்கி ஒன்று அவசியம். லிங்கிச் செட்டி தெருவிலும் தம்புச் செட்டி தெருவிலும் கிளியரிங் ஏஜென்சிகளில் நாள்தோறும் சுங்கப் பத்திரங்களை நிரப்பும் இளைஞர்களை நான் குறிப்பாக அழைக்கிறேன். தமிழிலேயே, பேச்சுவழக்குச் சொற்களோடு நடத்தப்படுவதால் முன்னறிவு எதுவும் தேவையில்லை; வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுவதால் முதியவர்களும் வரலாம்.