காசிமேட்டில் பழுது பார்த்த பிங் பட்டர்

கோல்ஃப் மட்டையைச் சரிசெய்யச் சென்னைக் காசிமேட்டுக்குப் போ என்றால் சிரிப்பார்கள். ஆனால் உங்களிடம் இருப்பது மாங்கனீசு வெண்கலத் தலை வைத்த பழைய பிங் ஆன்சர் பட்டர் (பிங் கம்பெனியின் ஆன்சர் மாடல், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை) என்றால், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கும் புரொப்பல்லர் பட்டறையைத்தான் நான் கைகாட்டுவேன். போர்டு கிடையாது. இறக்கை மடங்கிய புரொப்பல்லர்கள் வாசலில் குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம்.

எல்லாம் அந்த உலோகத்தால் வந்த உறவு. படகு புரொப்பல்லர்களைக் காலங்காலமாக வார்ப்பது மாங்கனீசு வெண்கலத்தில். செம்பும் துத்தநாகமும்தான் பெரும்பங்கு, மாங்கனீசு கொஞ்சம். 1966இல் பிங் கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஆன்சரை உருவாக்கியபோது அவர் எடுத்துக்கொண்டதும் இதையேதான். ஜெனரல் எலக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்த மனிதர். எடையைத் தலையின் இரண்டு ஓரங்களுக்கும் ஒதுக்கினார். அதனால் பந்து நடுவில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் முகம், அதாவது பந்தைத் தொடும் பக்கம், அவ்வளவாகத் திரும்பாது. இன்றைக்கும் பாதிக் கம்பெனிகள் அந்த உருவத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் செய்கின்றன.

என்னுடையது மூர் மார்க்கெட் அல்லிக்குளத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. கிண்டி கோல்ஃப் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவனாக, இருந்தவன் என்பதால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடியில் பீனிக்ஸ் 85029 முத்திரை தெளிவாக இருந்தது. மற்றபடி அதைப் படுத்தியிருந்தார்கள். ஷாஃப்ட்டை (மட்டையின் தண்டு) 33 அங்குலத்துக்கு வெட்டி, அயர்ன் என்ற வேறு வகை மட்டைக்கான உருண்டையான கிரிப்பை (கைப்பிடி உறை) மாட்டி, தண்டு தலையோடு சேரும் நெக்கையும் வளைத்துவிட்டிருந்தார்கள். முகம் பின்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், 3, 4 டிகிரி. அந்தச் சாய்வுதான் புல்லில் அமுங்கி நிற்கும் பந்தை மெல்லக் கிளப்பி உருளவிடும். இதில் சாய்வே இல்லை, பந்து தரையில் குத்தித் துள்ளியது. நீளம் குறைந்ததில் தலையும் கைக்கு இலேசாகத் தெரிந்தது.

தெற்கே ஒரு கோல்ஃப் கடையில் காட்டினேன். நெக்கை வளைத்தால் உடையும், பஃப் அடித்து குரோம் போட்டுத் தருகிறோம், ஷோகேஸில் வையுங்கள் என்றார்கள். வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அந்தப் பயம் நியாயம். வெண்கலத்துக்கு அவ்வளவு பயம் வேண்டாம். அதைவிட, பஃப் சக்கரத்தில் முத்திரை எழுத்தெல்லாம் மழுங்கிப்போகும். வருஷக்கணக்கில் ஏறிய பழுப்பு நிறம் போனது போனதுதான்.

காசிமேட்டு மேஸ்திரி கையில் வாங்கியதும், "இன்னா தம்பி இது, சுத்தியா?" என்றார். அப்புறம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது இளஞ்சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று தேடினாராம். உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சினால் அந்த நிறம் வரும், அந்த இடத்தில் அழுத்தம் கொடுத்தால் விரிசல் விடும். திட்டு எதுவும் இல்லை. "நம்ம ஐட்டம்தான், வளையும்" என்றார். எனக்கு அப்போதே பாதி நிம்மதி.

சூடு காட்டியது ஷாஃப்ட்டைக் கழற்ற மட்டும், உள்ளே இருந்த பசை இளகும் அளவுக்கு. நெக்கைச் சூடாக்கவில்லை. வைஸ் தாடையில் செம்புத் தகடு வைத்துப் பிடித்து, கொஞ்சம் வளைப்பது, சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதளத் தட்டில் வைத்துக் கோணமானியில் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் வளைப்பது. புரொப்பல்லர் இறக்கையின் சாய்வைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு டிகிரி என்பது பெரிய விஷயம். முகச் சாய்வு 4, தரையிலிருந்து ஷாஃப்ட் நிற்கும் கோணம் 71 என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டு கடைசிவரை வைஸ் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அரால்டைட் பசை போட்டு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தார்கள். தலையில் ஒரு புதுக் கீறல் இல்லை.

இனி குறைகள். ஷாஃப்ட், கிரிப் இரண்டும் அவர்களிடம் கிடைக்காது. நெக்கை வெர்னியரில் அளந்து சொல்வார்கள், பொருந்துவதை நீங்கள்தான் தேடிக் கொண்டுபோக வேண்டும். நான் வாங்கிக் கொடுத்த புது ஷாஃப்ட்டை 35 அங்குலத்துக்கு அறுத்தது சுத்தமாக இருந்தது. கிரிப் மாட்டியதில்தான் கோட்டை விட்டார்கள். பட்டர் கிரிப்பின் தட்டைப் பக்கம் முகத்தோடு நேராக நிற்க வேண்டும், இது கோணிக்கொண்டு நின்றது. கிழித்துவிட்டு நானே வேறு ஒன்று மாட்டினேன். அந்த ஒரு வேலையை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். நாளைக்கு என்றால் நாளைக்கு இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி 900 ரூபாய். ரசீது கிடையாது, ஜிபே உண்டு. காலையில் மீன் வண்டிகள் நகர்ந்த பிறகு, பதினொரு மணிக்கு மேல் போனால் பைக் நிறுத்த இடம் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்க நிற்கும் நேரம். அப்போது மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.