கால் நகம் வெட்டும் நிப்பர்: வாங்கலாம், நேர் வாய் மட்டும்

கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் ஏறி அவதிப்படுகிறவர்கள் இதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். எந்தக் கட்டத்தில் வாங்குகிறீர்கள் என்பதுதான் விஷயம். விரல் சிவந்து வீங்கி, சீழ் கட்டிய பிறகு வாங்கினால் 350 ரூபாய் தண்டம். அந்தப் பணத்துக்கு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்விடுங்கள்.

கடலூர் திருப்பாப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சர்ஜிக்கல் கடையில் எடுத்தேன். முட்டி பெல்ட்டுக்கும் பிரஷர் பார்க்கும் மிஷினுக்கும் நடுவில் அட்டையோடு தொங்கியது. பார்க்க எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கட்டிங் பிளேயர் மாதிரி இருக்கும். உள்ளங்கை நீளம், கைப்பிடிகளுக்கு நடுவில் ஸ்பிரிங், மூடி வைக்க ஒரு கொக்கி. இரண்டு வகை காட்டினார்கள்: வாய் வளைந்தது, நேரானது. “வளைஞ்சதுதாண்ணே நெறைய போவுது” என்றார் கடைத் தம்பி. போகட்டும், நீங்கள் நேரானதையே கேளுங்கள். வளைந்த வாய் ஓரத்தையும் சேர்த்து உருட்டி எடுத்துவிடுகிறது. ஓரம் சதைக்குக் கீழே போய்விட்டால், திரும்ப வளரும்போது முன்னால் இருக்கும் சதையைக் குத்திக்கொண்டுதான் வரும்.

எனக்கு இந்தத் தொல்லை வந்த வழி சேஃப்டி ஷூ. சிப்காட்டில் வேலை, ஷிப்ட் முழுக்க அது காலில் இருக்க வேண்டும். ஐஎஸ் 15298 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள சேஃப்டி ஷூவின் முன்மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. மேலே விழுகிற இரும்பைத் தாங்கும், நல்லதுதான். ஆனால் அதே மூடி பக்கவாட்டில் விரலை நெருக்கினால் ஒரு நூல் விட்டுக்கொடுக்காது. சாதாரணத் தோல் ஷூ போடப்போட இளகும், இது இளகாது. வியர்வையில் ஊறிய சதை, பக்கத்தில் நகத்தின் கூர்முனை. அப்புறம் என்ன?

எங்களுக்குக் கொடுத்த ஜோடி முன்பக்கம் குறுகல். அளவைப் பெரிதாக்கிக் கேட்டால் நீளம்தான் கூடுகிறது, அகலம் கூடவில்லை. கடைசியில் அகல வாய் உள்ளதைச் சொந்தக் காசில் வாங்கினேன். சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு.

மாத்திரை சாப்பிட்டால் சீழ் அடங்கும், குத்துகிற முனை உள்ளேயே இருப்பதால் மறுபடி வரும். எனக்குக் கடைசியில் நகத்தின் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் ஒரு கீற்று எடுத்தார்கள். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி. அந்த ஊசிக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது, மற்றதெல்லாம் ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கீற்று திரும்ப முளைக்காதபடி வேரில் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவினார்கள். மிச்சமிருக்கும் நகத்தையும் அடுத்த காலையும் காப்பாற்றத்தான் இந்த நிப்பர்.

வேலை செய்யும் விதத்தில் குறை இல்லை. சாதாரண நகவெட்டி கால் நகத்தின் தடிமனுக்குத் திணறி, ஓரத்தில் பிசிறை விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறுதான் பிறகு முள்ளாகும். இது சுத்தமாக வெட்டுகிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் காலை வைத்து, துடைத்துவிட்டு, ஒரே கடியாக இல்லாமல் சின்னச் சின்னதாக நேராக வெட்டிக்கொண்டு போகவேண்டும். நுனியில் வெள்ளை கொஞ்சம் மிஞ்ச வேண்டும், இரண்டு மூலையும் சதைக்கு மேலே தெரிய வேண்டும். மூலை சொரசொரப்பாக இருந்தால் அரம் வைத்து லேசாக இழுத்தால் போதும்.

எனக்குப் பிடிக்காதது அதன் கூர் முனை. கையில் எடுத்தவுடன் மூலைக்குள் விட்டு நோண்டத் தோன்றும். அட்டையில் இருக்கும் படத்திலேயே அப்படித்தான் நோண்டிக் காட்டுகிறார்கள்! அந்தப் படத்தைப் போட்டவரை நான்கு நாள் என் பழைய ஷூவில் நிறுத்த வேண்டும். நகத்துக்கு நடுவில் ‘வி’ மாதிரி வெட்டினால் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று கேன்டீனில் ஒரு வைத்தியம் சொல்வார்கள். நகம் வளர்வது வேரிலிருந்து. நுனியில் என்ன கோலம் போட்டாலும் ஓரத்துக்குத் தெரியாது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். முழுசாக மாற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதால் பொறுமையும் வேண்டும்.

சர்க்கரை இருப்பவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைத் தாங்களே உபயோகிக்க வேண்டாம். என் மாமியாருக்குச் சர்க்கரை, அவர் கேட்டும் நான் கொடுக்கவில்லை. “ஒரு நகவெட்டிக்கு இவ்வளவு பிகுவா மாப்ளே” என்றார். காயம் பட்டதே தெரியாது, ஆறவும் ஆறாது. அவருக்கு ஆஸ்பத்திரியிலேயே வெட்டிவிடுகிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று போட்டிருக்கிறதே தவிர, கடலூர் உப்புக் காற்றில் ஸ்பிரிங் அடியில் பழுப்பு ஏறுகிறது. துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் நிற்கிறது. அதற்காக ஒரு மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நான்கு. விலை 380 சொன்னார்கள், கேட்டதும் 350க்குக் கொடுத்தார்கள். நேர் வாய் இருப்பு குறைவாகத்தான் வைக்கிறார்கள். இல்லையென்றால் சொல்லிவிட்டு வாருங்கள், வரவழைத்துத் தருவார்கள்.